இடப்பக்க ஆசனத்தில் ஐம்பத்தெட்டு கிலோ

2023 ஓகஸ்ட் 19, சனிக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். தேத்தண்ணீர் ஒரு கப், சீனி அரைக் கரண்டி. 5.40க்கு முற்றம் கூட்டினேன். கச்சான் காற்று பலமாக இருந்ததால் கூட்டிய குப்பை மறுபடி முற்றத்துக்கே வந்தது. இரண்டாம் முறை கூட்டவில்லை. 6.30க்கு ஒரு சுண்டு அரிசி உலையில் போட்டேன். ஒரு சுண்டு எனக்கு இரண்டு நேரத்துக்குப் போதும். 7.15க்குக் காரைத் துடைத்தேன். நாட்குறிப்பில் இதுவரை எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது. அன்று பின்னேரத்துக்குள் நான், ஐம்பத்து மூன்று வயதில், மனைவி வெளிநாட்டில் இருக்க வேறொருத்தியோடு ஊர் சுற்றுகிற ஆளாகிவிட்டேன்.

குற்றம் முழுக்க என் ஒழுங்கினுடையது. புளியந்தீவில் ஓர் அரச அலுவலகத்தில் கட்டட வரைபடம் வரைபவன் நான். கோடு அரை மில்லிமீற்றர் விலகினாலும் தாளைக் கிழித்துவிடுவேன். (அலுவலகத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அதை எழுத மாட்டேன்.) என் மனைவி றோசி, மகள் அனுஷாவின் பிள்ளைப்பேறு பார்க்க ஆறு மாதம் என்று சொல்லிக் கனடாவுக்குப் போனாள். அந்த ஆறு மாதம் மூன்றாம் வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. எப்போது வருவாய் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் "பாப்பம்" என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். கேட்பதற்குப் பதிலாகக் கார் செய்தேன்.

கல்லடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்று கிடந்தது. அதன் கூரையை வெட்டி எடுத்து, ஜப்பான் வான் ஒன்றின் இயந்திரத்தைப் பூட்டி, முன்பக்கத்தைத் தாழ்த்தினேன். இணையத்தில் 'ஹொட் றொட்' என்று காட்டுகிறார்களே, அப்படி ஒன்று. ஆசனங்கள் இரண்டே இரண்டு. றோசி வந்து இறங்கும் நாளில் அவளை இடப்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு பாலத்தால் வீட்டுக்கு வரவேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

மிஞ்சியிருந்தது பள்ளத்தில் குலுக்கலைத் தாங்குகிற முன்பக்க ஷொக் அப்சோபர். பழையதில் எண்ணெய் கசிந்தது. புதிதாகத் தெரிவு செய்ய ஓர் அளவு வேண்டும்: ஆட்கள் ஏறி உட்கார்ந்திருக்கும்போது, ஷொக்கைப் பூட்டுகிற மேல் பூட்டுக்கும் கீழ்ப் பூட்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று. அந்த நிலையில் ஷொக்கின் தண்டு பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் நிற்கவேண்டும். வாசிக்கும்போது இலகுவாகத்தான் இருந்தது. ஆனால் ஒருவர் மேலே உட்கார, இன்னொருவர் கீழே படுத்து அளக்கவேண்டும். நான் மேலே இருந்தால் கீழே ஆளில்லை. கீழே படுத்தால் மேலே ஆளில்லை. மூன்று தடவை ஏறி இறங்கிய பிறகுதான் இது எனக்கு விளங்கியது. (கார் உயர்வதற்குள் போய் அளந்துவிடலாம் என்று இரண்டு தடவை ஓடியும் பார்த்தேன்.)

அயலில் யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். "பாவம், சேர் தனியத்தானே" என்பார்கள். அதைக் கேட்கப் பிடிக்காமல் கடையில் அரிசி நிறுத்து வாங்கி வந்தேன். வலப்பக்க ஆசனத்தில் எனக்குப் பதிலாக எழுபத்தொரு கிலோ. இடப்பக்கத்துக்கு நாட்குறிப்பைப் புரட்டினேன். விசாவுக்கான மருத்துவச் சோதனையன்று றோசியின் நிறை ஐம்பத்தெட்டு கிலோ. அதையும் வைத்து அளந்தேன். அந்தக் காரில் நான் தனியாகப் போவேன் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

காத்தான்குடியில் வாகனப் பாகங்கள் விற்பவரை எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான். அவர் மேசையில் இரண்டு சோடி வைத்தார். ஒன்று நீளம், ஒன்று கட்டை.

"எத்தின பேர் போற வாகனம் சேர்?"

"ரெண்டு பேர்."

"மத்த ஆள்?"

"கனடாவில."

நானா ஷொக்குகளை ஒரு முறை பார்த்தார். என்னையும் ஒரு முறை பார்த்தார்.

"அப்ப ஒராளுக்குப் பாத்து நீளமானத எடுங்க. மெடம் வந்தா மறுகா மாத்துவம். சொக் என்ன, கலியாணமா, மாத்த ஒண்ணாம இரிக்க?"

"இல்ல நானா. எனக்கு ரெண்டு பேருக்கும்தான் வேணும்."

"ஒங்கட இஸ்டம். தனியப் போனா டங்கு டங்கெண்டு ஒதைக்கும். பொறகு என்னோட சண்டைக்கு வரப்படாது."

உதைத்தது. ஓர் ஆள் குறைந்தால் முன்பக்கம் உயரும். உயர்ந்தால் கட்டை ஷொக் கிட்டத்தட்ட முழு நீளத்துக்கும் இழுபட்டுவிடும். நான் அளந்தால் ஒரு நகக்கண் அளவுகூட மிச்சம் விடாத ஆள். ஆகவே ஒவ்வொரு பள்ளத்திலும் டங்கென்று அடித்து, கார் தவளைபோலத் தத்தியது. ஆரையம்பதி போய் வருவதற்குள் இரண்டு தடவை நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

நானாவிடம் திரும்பிப்போக மானம் இடம் தரவில்லை. ஐம்பத்தெட்டு கிலோ மூட்டையைத் தூக்கி இடப்பக்கத்தில் வைத்தேன். கார் வாவியில் தோணி போவதுபோலப் போனது. முதல் ஞாயிறு கோயில் வாசலில் நிறுத்திவிட்டுப் பூசைக்குப் போனால், திரும்பி வரும்போது மூட்டையில் ஏழெட்டுக் குருவிகள். (கூரையை வெட்டியவனுக்கு வேண்டும்.) அதனால் றோசி விட்டுப்போன நீல வொயில் சேலையால் மூட்டையை மூடிச் சுற்றினேன். சுற்றியதும் மூட்டைக்குத் தலையும் தோளும் வந்தன. நான் அதைக் கவனிக்கவில்லை. (கவனித்தேன்.)

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். 9.20க்குக் கல்லடிப் பாலத்தில் ஏறினேன். பாலத்தின் பொருத்து ஒன்றில் சக்கரம் ஏறி இறங்க, மூட்டை மெதுவாகச் சரிந்து என் இடது தோளில் சாய்ந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன என்பது உண்மை. ஒரு கையை எடுத்திருக்கலாம் என்பதும் உண்மை. பாலம் முடியும்வரை நான் அதை நிமிர்த்தவில்லை. பாலம் முடிந்து கொஞ்சத் தூரம் போன பிறகும் நிமிர்த்தவில்லை. நாட்குறிப்பில் இதற்குக் காரணம் எழுதப்படவில்லை.

புளியந்தீவில் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர் கை காட்டினார்.

"ஐயா, அம்மாக்கு என்ன?"

"ஒண்டுமில்ல."

"மயங்கிக் கிடக்கிறா, ஒண்டுமில்லயெண்டுறீங்க?"

"அவ... அப்பிடித்தான் இருப்பா." (இதைவிட மோசமான பதிலை இன்றுவரை என்னால் யோசிக்க முடியவில்லை.)

அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஓர் ஆட்டோக்காரர், "காத்து விடுங்க, காத்து விடுங்க" என்று எல்லாரையும் தள்ளிவிட்டுத் தான் வந்து நெருக்கி நின்றார். மரக்கறி விற்கிற ஒரு பெண் சோடாப் போத்தலோடு ஓடி வந்து, "புள்ள, இஞ்ச பாரு, கண்ணத் துற புள்ள" என்று சோடாவைத் தெளித்துச் சேலையை விலக்கினாள்.

கூட்டம் முழுக்க எட்டிப் பார்த்தது.

"கடவுளே," என்றாள் அவள், "கீரிச் சம்பா அரிசி!"

பொலிஸ்காரர் என் பக்கம் திரும்பினார். "என்ன ஐயா இது?"

"சொக்குக்காக," என்றேன்.

சந்தை முழுக்கச் சிரித்தது. ஆட்டோக்காரர் மட்டும் சிரிக்காமல், "அரிசிய இப்பிடித் தாங்குற மனிசன், வீட்டுக்காரிய எப்பிடித் தாங்குவார்!" என்றார். அவர் பகிடிக்குத்தான் சொன்னார். நான் கத்தரிக்காய் வாங்க வந்ததை மறந்து வீட்டுக்குத் திரும்பினேன்.

ஆனால் பாலத்தில் எனக்குப் பின்னால் வந்த பஸ்ஸில் றோசியின் அக்கா இருந்திருக்கிறா. அவ எடுத்த படம் நான் வீடு சேர முன்னமே கனடா போய்ச் சேர்ந்துவிட்டது. மாலை 6.45க்கு றோசி தொலைபேசியில் எடுத்தாள். சுகம் விசாரிக்கவில்லை.

"உங்கட தோள்ல சாஞ்சிட்டு இரிக்கிறது ஆர்?"

"நீதான்."

"விசர்க் கதை கதைக்காதீங்க. அது என்ட சீலை. என்ட சீலைய ஆருக்கு உடுக்கக் குடுத்தீங்க?"

"உனக்குத்தான். அம்பத்தெட்டுக் கிலோ."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மேல் பூட்டு, கீழ்ப் பூட்டு, ஆளில்லாமல் ஓடி ஓடி அளந்தது, நானா, குருவி, சோடா. பதினைந்து நிமிடம். கடைசியில் ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டுக் கனகாலம். திடீரென்று நிறுத்தினாள்.

"அம்பத்தெட்டு நான் வரக்குள்ள. இப்ப அம்பத்தொண்டு."

"ஏன்?"

"தெரியா. அனுஷாவும் மருமகனும் விடிய வேலைக்குப் போனா, பொழுதுபட்டுத்தான் வரும். புள்ளைக்குச் சோறு தீத்திப்போட்டு, எனக்கெண்டு தனியப் போட மனம் வாறதில்ல."

அப்போதுதான் கேட்டேன். "எப்ப வாறாய்?"

"பாப்பம்," என்றாள். வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "அந்த மூட்டைய எறக்கிடாதீங்க."

இப்போதும் அனுஷா எடுத்தால் முதற்கேள்வி, "அப்பா, காருக்குள்ள இரிக்கிற அம்மா சுகமா?" என்பதுதான். காரின் படத்தைக் காட்டினால் பேரன் சேலை சுற்றிய மூட்டையைத் தொட்டு "அம்மம்மா" என்கிறான், தன்னைத் தூக்கி வைத்திருக்கிற றோசியை விட்டுவிட்டு. நானா என்னைக் கண்டால், "என்ன சேர், ஒராளுக்கு மாத்துவமா?" என்பார். நான் ஏதாவது ஓர் ஆணியை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

ஓகஸ்ட் 20, ஞாயிறு. 5.10க்கு எழுந்தேன். தேத்தண்ணீர் வைக்கவில்லை. முதல் வேலையாக மூட்டையின் தையலைப் பிரித்து, ஏழு கிலோ அரிசியை நிறுத்து வெளியே எடுத்தேன். மறுபடி தைத்து, இடப்பக்க ஆசனத்தில் ஏற்றி, நிமிர்த்தி வைத்தேன்.