சடைச்சி வீட்டு இருமல்

ஒரு மலையில், மரங்களே மேலே ஏறி வர மனமில்லாமல் பாதிச் சரிவில் நின்றுவிட்ட உயரத்தில், சடைச்சி என்றொரு நாய் ஆட்டுக் கிடைக்குக் காவல் இருந்தாள். இரவெல்லாம் விழிப்பு, பகலில் அரைத் தூக்கம், தினமும் ஒரு வட்டில் கூழ். குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. சொன்னாலும் கேட்பதற்கு ஆடுகள்தான் இருந்தன.

அந்த மலை நாய்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாய்ந்ததும் பள்ளத்தாக்கைப் பார்த்து வரிசையாக நின்று, எதிர்ச் சரிவில் இருக்கும் ஓநாய்களைத் திட்டுவார்கள். வெறுமனே திட்டினால் மரியாதை இல்லை. தன் வம்சத்தைச் சொல்லித் திட்ட வேண்டும்.

"நான் சடைச்சி. முடிச்சி மகள். முடிச்சி கருப்பாயி மகள். கருப்பாயி பூவாத்தா மகள். பூவாத்தாவைப் பெற்ற தகப்பன்..."

இந்த இடத்தில் சடைச்சி நன்றாக ஒரு இருமல் இருமுவாள். பிறகு, "ஆகவே எங்கள் ஆட்டைத் தொட்டால் தொலைத்துவிடுவேன்" என்று முடிப்பாள். அவள் அம்மாவும் அந்த இடத்தில்தான் இருமினாள். எல்லா நாய் வீட்டிலும் ஏதோ ஒரு பெயருக்குப் பதிலாக இப்படி ஒரு இருமல் இருந்தது. ஏன் என்று கேட்ட குட்டிகளுக்குக் காதில் கடி விழுந்தது.

இப்படி இருக்கையில், கீழே சமவெளியில் இருந்த சிங்கராஜாவுக்குத் திடீரென்று ஒரு கவலை வந்தது. காற்றே இல்லாத உயரத்தில் என் குடிகள் எப்படி மூச்சு விடுகிறார்கள்? ராஜாவுக்குக் கவலை வந்தால் தானே நேரில் போவது வழக்கமில்லை. டாக்டர் நாரையாரை அனுப்பினார். துணைக்குச் செவலை என்ற ஊர் நாயும் ஏறி வந்தான். நாரையார் கழுத்தில் சமவெளிக் காற்று அடைத்த சுரைக்குடுவை தொங்கியது. நாலு வார்த்தை பேசினால் ஒரு உறிஞ்சு உறிஞ்சிக்கொள்வார்.

மலை நாய்கள் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. நாரையார் அலகால் ஒவ்வொருவர் காதிலும் குத்தி ரத்தம் பார்த்தார். சடைச்சியின் முறை வந்ததும் முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, ரத்தமா மோரா?"

"எப்பவும் இப்படித்தான் டாக்டரய்யா."

"இங்க காத்து கம்மி. கம்மியான காத்தைப் பிடிச்சு வைக்க ரத்தம் கெட்டியா இருக்கணும். செவலையைப் பாரு. வந்து கொஞ்ச நாள்தான். ரத்தம் வெல்லப்பாகு மாதிரி ஆயிடுச்சு. அது உடம்பு."

செவலை ஒரு பாறையில் சாய்ந்து கிடந்தான். நாக்கு நீலம் பாய்ந்திருந்தது. "அக்கா," என்றான் மெதுவாக, "என் தலைக்குள்ள யாரோ உரல் போட்டு இடிக்கிறாங்க."

"எனக்கு மூச்சு வாங்கலையே ஐயா," என்றாள் சடைச்சி.

"அதான் எனக்குக் கவலை," என்றார் நாரையார், குடுவையை உறிஞ்சிவிட்டு. "உன் உடம்பு ஒரு முயற்சியும் எடுக்கலை. சும்மா இருக்கு. இப்படிப்பட்ட உடம்பு இங்க தாங்காது. குட்டிகளைக் கூட்டிக்கிட்டுக் கீழ இறங்கிடு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

சடை முடியோடு சமவெளி வெயிலில் இறங்குவது என்ன என்று சடைச்சிக்குத் தெரியும். அவள் அண்ணனை இப்படித்தான் ஒரு கோடையில் கீழே அழைத்துப் போனார்கள். திரும்பி வந்தது அவன் கழுத்து மணி மட்டும். குட்டிகளோ இப்போதுதான் கண் திறந்திருந்தன.

"வேற வழியே இல்லையா ஐயா?"

"பரம்பரை விலக்குன்னு ஒண்ணு இருக்கு. உன் முன்னோர்ல யாராவது இந்த மலையிலேயே ஆதியிலிருந்து இருந்தவங்கன்னு சொல்லணும். நாய்கள் நீங்க ஆட்டுக்குப் பின்னால ஏறி வந்தவங்கதானே?"

ஆதியிலிருந்து இருந்தவர்கள் ஓநாய்கள். சடைச்சிக்குத் தொண்டை தானாக இருமியது.

"உனக்கு நெஞ்சுச் சளி போல," என்றார் நாரையார்.

"சளி இல்லைங்க," என்றாள் சடைச்சி. வரிசை முழுவதும் காதை நிமிர்த்தியது. "பூவாத்தாவோட அப்பா பேரு கூர்ப்பல்லன். எதிர்ச் சரிவுக்காரர்."

வரிசையில் இருந்த நாய்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து அவளுக்கு இடம் விட்டு நின்றன.

சாட்சிக்கு எதிர்ச் சரிவிலிருந்து சாம்பலன் என்ற கிழ ஓநாயை அழைத்தார்கள். கேட்டதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"எங்க வம்சத்துல நாயா? என்ன பேச்சு இது? வயசுக்கு வந்த பொண்ணுங்க இருக்கிற வீடு."

நாரையார் அவர் காதிலும் குத்திப் பார்த்தார். அதே மோர். சாம்பலன் தலை குனிந்து, "எங்க பெரியப்பாரு ஒருத்தர் வீட்டோட கோவிச்சுக்கிட்டுப் போனார்னு சொல்லுவாங்க," என்றார். "நாங்க அந்தப் பேச்சை எடுக்கிறதில்லை."

மற்ற நாய்களுக்கும் ரத்தம் மோர்தான், இறங்கச் சொல்லி உத்தரவும் அதேதான், தப்பிக்க அதே வழியும் இருந்தது. வாயைத் திறந்தால் போதும். ஆனால் மானமுள்ள குடும்பங்கள். இருமிக்கொண்டே வரிசையாகக் கீழே இறங்கின.

சடைச்சிக்கு விலக்கு கிடைத்தது. "இனி நீ சட்டப்படி ஓநாய். தாராளமா இங்கேயே இரு," என்றார் நாரையார்.

"காவல்?"

"ஓநாயை ஆட்டுக்குக் காவல் வைப்பாங்களாம்மா? செவலை பார்த்துக்குவான். அவனுக்குத்தான் தகுதியான ரத்தம்."

கூழும் செவலைக்குப் போயிற்று. ஓநாய்க்குக் கூழ் ஊற்றச் சட்டத்தில் இடமில்லை. சில நாளில் சடைச்சியின் பால் வற்றியது. குட்டிகள் கத்தக்கூடத் தெம்பில்லாமல் ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன.

ஒரு மாலை சடைச்சி கிடைக்குப் போனாள். வெள்ளச்சி என்ற ஆடு, அவள் எத்தனையோ பனிக்காலம் காத்த ஆடு, எட்டிப் பார்த்தது.

"அக்கா, இப்ப உன்னைப் பார்த்தா நாங்க ஓடணுமா?"

"சட்டப்படி ஓடணும்."

"காவல்காரரைக் கூப்பிடவா?"

"கூப்பிட்டுப் பாரு."

வெள்ளச்சி கூப்பிட்டது. செவலை எழுந்திருக்கப் பார்த்தான். முன்னங்கால் எழுந்தது, மீதி எழவில்லை. "வர்றேன், வர்றேன்," என்று படுத்தபடியே சொன்னான்.

வெள்ளச்சிக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் அந்தக் கிடை ஆடுகள் செய்வது ஒன்றே ஒன்றுதான். ஓடி வந்து சடைச்சியின் விலாவோடு ஒட்டி நின்றுகொண்டது.

சடைச்சி பள்ளத்தாக்கை ஒருமுறை பார்த்தாள், பிறகு வெள்ளச்சியின் கழுத்தைப் பார்த்தாள். மூச்சு எப்போதும்போல் சீராகத்தான் வந்தது.

மறுநாள் செவலை கீழே தகவல் அனுப்பினான்: கிடையில் ஒரு ஆடு குறைகிறது, ஓநாய் நடமாட்டம் அதிகம், இன்னும் காவலர் தேவை. ராஜா கவலைப்பட்டு ஆள் அனுப்பினார். வந்தவர்கள் எல்லோருக்கும் சீக்கிரமே ரத்தம் பாகாயிற்று. எல்லோரும் தகுதி பெற்று, பாறைப் பாறையாகச் சாய்ந்து கிடக்கிறார்கள்.

சடைச்சியின் குட்டிகள் கொழுகொழுவென்று வளர்ந்துவிட்டன. பொழுது சாய்ந்தால் அவையும் வரிசையாக நின்று வம்சம் சொல்கின்றன. கூர்ப்பல்லன் பெயரைக் கணீரென்று சொல்கின்றன. பூவாத்தா, கருப்பாயி, முடிச்சி என்ற பெயர்கள் வரும் இடங்களில் இருமுகின்றன.

நீதி: உயரமான இடத்துக்குப் போனால் கொஞ்சம் மூச்சுத் திணறிக் காட்டுங்கள். திணறல் வராத உடம்பாக இருந்தால், உங்கள் கொள்ளுப்பாட்டி யாரோடு ஓடிப்போனாள் என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.