திரைக்குப் பின்னால் ஐந்தாம் எண்

"அது என்னோட ஷூ" என்றாள் குட்ரூன்.

"தெரியும். என் நடை அவங்களுக்கு அத்துப்படி. சத்தத்தை வெச்சே கண்டுபிடிச்சிடுவாங்க" என்றார் அவள் கணவர் ஃபோல்க்மார், குதிகாலை உள்ளே திணித்தபடி.

நகர அரங்கின் இசைக்குழுவில், ஹார்ன் என்னும் பித்தளை ஊதுகருவி வாசிப்பவர்களில் அவர் இரண்டாமவர். முதலாமவர் ஓய்வு பெற்றுவிட்டார். காலியான அந்த நாற்காலிக்கு இன்று தேர்வு. போட்டியாளர்கள் திரைக்குப் பின்னால் நின்று ஊத வேண்டும். எண் மட்டும்தான், பெயர் கிடையாது. வாக்களிப்பவர்கள் குழுவின் கலைஞர்கள். அவர்களில் ஒருவருக்கும் தன்னைப் பிடிக்காது என்பது ஃபோல்க்மாரின் தீர்மானம். வயது ஐம்பதை நெருங்குகிறது. இதை விட்டால் கடைசிவரை அடுத்தவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீழ் சுரம் ஊத வேண்டியதுதான்.

"பல்வலின்னு லீவு சொல்லியாச்சு. ஹார்னையும் மாத்திட்டேன்."

இரவல் வாங்கிய பழைய கருவி. தகர டப்பா மாதிரி ஒலித்தது.

"நல்லா ஊத வேண்டாமா?"

"முதல்ல, நான் இல்லாத மாதிரி ஊதணும்."

மேடையில் தடித்த கம்பளம் விரித்திருந்தார்கள். யானை நடந்தாலும் கேட்காது. ஷூ மட்டும் கடித்தது.

"ஐந்தாம் எண்" என்று அறிவித்த அரங்கப் பணியாளர் இர்ம்கார்ட், அவர் காதருகே குனிந்தாள். "பல்வலி தேவலையா?"

"உஷ்!"

வழக்கமாக அவர் வெண்ணெய் தடவியதுபோல் எடுக்கும் நீண்ட சுரத்தை, வேண்டுமென்றே முரட்டுத்தனமாக ஊதினார். மேலே போகும்போது கால் வலியில் மூச்சு முட்டியது. பழக்கமில்லாத கருவி கைவிட்டது. சுரம் பிளந்தது.

"யாருப்பா இது?" திரைக்கு அப்பால், குழுவில் ட்ரம்போன் ஊதும் ஹென்னிக்கின் குரல். "கிராமத்துத் தீயணைப்புப் படை பேண்டுல இருந்து தப்பிச்சு வந்தவனா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஃபோல்க்மாருக்குப் பரம திருப்தி. அடையாளம் தெரியவில்லை!

தேர்வானது எட்டாம் எண். திரையை விலக்கினால், வெளியூரிலிருந்து வந்த சின்னப் பெண்.

இனி அவள் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். ஃபோல்க்மார் மேடையோரம் அமர்ந்து ஷூவைக் கழற்றினார். இர்ம்கார்ட் கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"பெயரைச் சொல்லி ஊதியிருந்தா மட்டும் எனக்கு ஓட்டுப் போட்டிருப்பாங்களாக்கும்!" என்றார் கசப்புடன்.

"உங்களுக்குத்தானே சார் போட்டாங்க" என்றாள் இர்ம்கார்ட். "எட்டாம் நம்பர் ஊத ஆரம்பிச்சதுமே, 'இதோ நம்ம ஃபோல்க்மார் வந்துட்டான்'னாரு ஹென்னிக், அத்தனை பேரும் கையைத் தூக்கிட்டாங்க."