டெய்லருக்கு ஊசி என்றால் பயம்

தையல் கடையில் அன்று காலை உட்கார்ந்திருந்தவர்கள்: வாசலோரம் மேஜைக்குப் பின்னால் பார்மஸி படிக்கும் மாணவர்கள் மூவர். நடுவில் டெய்லரின் மகள். வலப்பக்கம், பெயர் எழுதிக்கொள்ள, 'கண்ணாடி' என்று கூப்பிடப்படும் தோழி. இடப்பக்கம், கால் மேஜைக்கடியில் கொள்ளாத நெட்டை. பெஞ்சில், சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வந்த தெருக்காரர்கள். உள்ளே தையல் மிஷினில் அப்பா. அவருக்குப் பின்னால் முக்காலியில், சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தபடி அம்மா. மேஜைக்கு முன்னால் போட்ட நாற்காலியில் மட்டும் யாரும் உட்காரவில்லை.

காரணம் அப்பா. டெய்லர் பெண் வைக்கிற முகாமில் டெய்லரே முதலில் விரலை நீட்டட்டும் என்று பெஞ்ச் முடிவு செய்திருந்தது.

மகளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. தெருத் தெருவாகச் சர்க்கரை பார்த்தவளால் சொந்த வீட்டில் இரண்டு விரல்களைப் பிடிக்க முடியவில்லை. நோய் தெரியாமலே முற்றிப் பெரியம்மாவுக்குப் பார்வை போனதைக் கண்ணால் கண்டவள் அவள். அம்மாவிடம் கேட்பதைப் போன மாதமே விட்டுவிட்டாள். 'கல்லு மாதிரி இருக்கேன், போடி' என்பதற்கு மேல் அங்கே பேச்சு நகராது. அப்பா சாது. அவரையாவது உட்கார வைத்துவிட வேண்டும்.

கூப்பிட்டாள். அவர் எழாமலே, ஊசி என்றால் தமக்குப் பயம் என்றார்.

"நாள் பூரா ஊசியோடதானே அண்ணே குடும்பம் நடத்தறீங்க?" என்றார் பால்காரர்.

"அது துணியைக் குத்தற ஊசி. இது ஆளைக் குத்துது."

எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும் என்று கண்ணாடி சமாதானம் சொன்னாள். என்ன எறும்பு, கறுப்பா சிவப்பா என்று அவர் விசாரித்தார். அவள் யோசித்து, சிவப்பு என்று உண்மையைச் சொல்லப்போக, பெஞ்சில் இருவர் வேலை இருப்பதாகக் கிளம்பினார்கள்.

மிச்சப் பேரைப் பிடித்து வைக்க நெட்டை தன் விரலிலேயே குத்திக் காட்டினான். ஊர் ரத்தமெல்லாம் பார்த்தவன் தன் ரத்தத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை போலிருக்கிறது. துணிக்கட்டின் மேல் அப்படியே சரிந்தான். சர்க்கரை முகாமில் சர்க்கரைத் தண்ணீருக்கு ஓட வேண்டியதாயிற்று. எதிர் மருந்துக் கடைக்காரர் குளுக்கோஸ் பொட்டலம் கொடுத்தனுப்பினார். அவன் கண் விழித்தபோது பெஞ்சில் பால்காரர் மட்டும் இருந்தார். அவரும் ஒரு காலைத் தெருவில் வைத்திருந்தார்.

"வயசுப் பையனே விழுந்துட்டான். நான் எம்மாத்திரம்?" என்று அப்பா நடுங்கும் கையைத் தூக்கிக் காட்டினார்.

முக்காலி நகர்ந்தது.

"ஏங்க, நாலு பேர் முன்னாடி இப்படியா மானத்தை வாங்குவீங்க? பொண்ணு முகத்தைப் பாருங்க." அம்மா விறுவிறுவென்று வந்து நாற்காலியில் உட்கார்ந்து விரலை நீட்டினாள். "குத்துடி. உங்கப்பா நல்லாப் பார்க்கட்டும்."

குத்தினாள். அம்மா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அப்பாவும் பூனை மாதிரி வந்து விரலைக் கொடுத்தார்.

அவருக்குச் சரியாக இருந்தது. அம்மாவுக்கு முந்நூறைத் தாண்டியிருந்தது.

மகள் விரலைத் துடைத்து மறுபடி பார்த்தாள். மாறவில்லை. அடிக்கடி தாகம் எடுக்கிறதா என்று கேட்டாள். வெயிலுக்கு யாருக்குத்தான் எடுக்காது என்று சொல்ல ஆரம்பித்த அம்மா பாதியில் நிறுத்தினாள்.

"அக்கா மாதிரி ஆயிடுமாடி?"

"ஆக விடமாட்டேன்மா. இப்பவாவது தெரிஞ்சுதே."

அம்மாவின் விரலில் பஞ்சை அழுத்திப் பிடித்த அப்பா வெகுநேரம் விடவில்லை. பால்காரர் தெருவிலிருந்த காலை உள்ளே எடுத்துக்கொண்டார்.

முகாம் முடிந்ததும் மகள் டாக்டருக்குக் கடிதம் எழுதி, உறையிலிட்டு ஒட்டினாள். டாக்டர் சாயங்காலம் மருந்துக் கடையின் பின்னறைக்கு வருவார். கடைக்காரரிடம் உறையைக் கொடுத்து, அப்பாவுக்கு ஒருவழியாக ஊசி பயம் தெளிந்த கதையையும் சொன்னாள்.

அவர் உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பயமா? போன வாரமே இங்க வந்து தயங்காம விரலை நீட்டினவராச்சேம்மா. அப்புறம்தான், எப்படிப் பயந்தா உங்கம்மா நம்புவாங்கன்னு இந்தச் சுவர்க் கண்ணாடி முன்னாடி நின்னு நடிச்சுப் பார்த்துட்டுப் போனார்."