முயலுக்கு ஊசியா? விசாரித்துச் சொல்கிறேன்

மனித குலத்தில் விசாரிப்பவர் என்று ஓர் இனம் உண்டு. அவரைச் சோம்பேறி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஒரு காரியத்தைச் செய்யாமல் இருப்பதற்கு அவர் படும் பாட்டில் பாதியைப் பட்டிருந்தால் அந்தக் காரியமே முடிந்திருக்கும். எதைச் சொன்னாலும், "நாலு பேர்கிட்ட விசாரிச்சுட்டுச் செய்வோம்" என்பார். யார் அந்த நாலு பேர்? விஷயம் தெரிந்த ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும்.

நமக்குத் தெரிந்த விசாரிப்பவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவருடைய ஒன்பது வயது மகள் அடம்பிடித்து ஒரு முயல் வாங்கிக்கொண்டாள். நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து, வாயை மட்டும் அசைத்துக்கொண்டு, எல்லாரையும் சந்தேகமாகப் பார்த்ததால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தார்கள். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனபோது அந்த அம்மாள் அதன் காதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தடுப்பூசி போடணும். வருஷா வருஷம் போடணும். வீட்டுக்குள்ளயே வளர்த்தாலும் போடணும். நோயைக் கொசு கொண்டுவரும், புல்லுல வரும், உங்க செருப்புல கூட வரும். வந்துட்டா காப்பாத்தறது கஷ்டம்" என்றார். ஒரு மனுஷி இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? நம்மவர் பணிவாகத் தலையாட்டி, விசாரித்துவிட்டு வருவதாகச் சொல்லி, மேனேஜரைக் கூடையோடு தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

விசாரணை கடையில் தொடங்கியது. கண் பரிசோதனைக்கு வந்தவர் தப்பி ஓட முடியாது, பாருங்கள். மூக்கின்மேல் கனமான சட்டம், ஒரு கண்ணுக்கு மூடி, எதிர்ச்சுவரில் இருப்பது எழுத்தா எறும்பா என்றே தெரியாத நிலை. இவர் ஒரு கண்ணாடி வில்லையைச் செருகி, இது தெளிவா முன்னது தெளிவா என்று கேட்பார். அடுத்த வில்லையைத் துடைத்தபடியே, முயலுக்கு ஊசி போடுவதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றும் கேட்பார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், காட்டில் இருக்கிற முயலுக்கு யார் ஊசி போடுகிறார்கள் என்று திருப்பிக் கேட்டார். பேருந்து ஓட்டுநர், வெந்நீர் கொடுத்தால் எந்த நோயும் அண்டாது என்றார். பல் வைத்தியர் ஒருவர் தன் படிப்பு பல்லோடு சரி என்று நழுவப் பார்த்தார். முயலுக்கும் பல் இருக்கிறதே என்று நம்மவர் அவரையும் மடக்கிவிட்டார்.

இப்படியே மூன்று மாதம் போயிற்று. மேனேஜர் கொழுகொழுவென்று இருந்தது. விசாரிப்பவர் முற்றினால் என்ன ஆவார் தெரியுமா? ஆலோசகர் ஆவார். ஊசியே போடாமல் எங்கள் முயல் எப்படி இருக்கிறது பாருங்கள் என்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லத் தொடங்கினார்.

அந்தச் சமயத்தில்தான் அடுத்த தெருவில் ஒரே வாரத்தில் இரண்டு முயல்கள் செத்துப்போயின. கீழ்வீட்டுத் தையல்காரம்மாள் பதறிக்கொண்டு மாடியேறி வந்தார். தனியாக இருப்பவர். தையல் மிஷினுக்கு அடியில் படுத்திருக்கும் முயல்தான் அவருக்குப் பேச்சுத்துணை. மறுநாள் காலை ஊசிக்கு நேரம் வாங்கியிருந்தார்.

"அண்ணா, உங்க முயலுக்குப் போட்டீங்களா?"

"வீண் வேலைம்மா. நான் விசாரிக்காத ஆள் இல்லை. நம்ம மேனேஜருக்கு ஒரு ஊசி கூடப் போடலை."

தையல்காரம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியானால் தானும் போகவில்லை என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

"அக்கா, நில்லுங்க" என்றாள் மகள். அதற்குள் அழுகை வந்துவிட்டது. "மேனேஜருக்குப் போட்டாச்சு. அப்பாவுக்குத்தான் தெரியாது."

அம்மா பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு நடுவிலிருந்து ஒரு தடுப்பூசி அட்டையை எடுத்து நீட்டினாள். நம்மவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். மருத்துவர் சொன்னதற்கு மறுநாள் தேதி.

"நீங்க விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் நோய் வாசல்ல நிக்குமாங்க?" என்றாள் மனைவி.

அவர் வெட்கப்பட்டார். உண்மையாகவே வெட்கப்பட்டார், இல்லை என்று சொன்னால் பாவம். தன் பேச்சால் ஒரு முயல் செத்திருக்கும் என்ற நினைப்பில் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலை தையல்காரம்மாளின் கூடையைத் தானே தூக்கிக்கொண்டு போய், ஊசி போட்டு முடியும்வரை கூடவே நின்றார். பிறகு கடையைத் திறந்தார். முதலில் வந்தவரின் மூக்கில் சட்டத்தை மாட்டிவிட்டு, "முயலுக்கு ஊசி கட்டாயம் போடணும் சார். நான் நாலு பேர்கிட்ட விசாரிச்சுட்டேன்" என்றார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டிலும் ஒரு முயல் இருந்து, போடலாமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவு தூரம் படித்தீர்களோ? மருத்துவரின் எண் உங்கள் போனிலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கேலி எழுதுகிற ஆளிடம் வந்து கேட்கிறீர்கள். நான் முயலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.