மாமனார் நிலத்து வரப்பை நிமிர்த்திய கதை

வேலை செய்யும் கண்ணை லீவு நாளிலாவது மூடி வைக்க வேண்டும். எனக்கு அந்தப் புத்தி இருந்ததில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தேன். தையல் ஒரு நூல் கோணினாலும் 'ரிஜெக்ட்' என்று தூக்கிப் போடுவேன். (வீட்டில் தோசை கோணினாலும் என் முகம் போகிற போக்கை மனைவி எஸ்தர் இன்றும் நடித்துக் காட்டுவாள்.)

தொண்ணூறுகளின் கடைசியில், கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தேன். கணியம்பாடிப் பக்கம் அவருக்குச் சரிவான நிலம். மழை பெய்தால் மேல்மண் வழிந்தோடிவிடும். விதைத்த வேர்க்கடலையும் கூடவே போகும். நாயாய் அலைந்து அரசாங்கத் திட்டத்தில் பெயர் சேர்த்திருந்தார். மண்வளப் பாதுகாப்பு அதிகாரி கருவி வைத்து மட்டம் பார்த்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, சரிவுக்குக் குறுக்கே மண் வரப்புகள் போடவைத்திருந்தார். மாமனார் தினமும் காலையில் அவற்றைப் பார்த்துவிட்டு வந்துதான் காபி குடித்தார்.

நானும் போய்ப் பார்த்தேன். வரப்பு இங்கே வளைந்து, அங்கே நெளிந்து கிடந்தது. எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. அடுத்த வாரம் அதிகாரி சரிபார்க்க வருகிறாராம். இந்தக் கோணலை யார் பாஸ் பண்ணுவார்கள்? மாமனாரின் அலைச்சல் வீணாகிவிடுமே என்று நிஜமாகவே கவலைப்பட்டேன். (புது மாப்பிள்ளை நல்ல பெயர் வாங்க வேண்டுமென்ற ஆசை அதைவிட ஜாஸ்தி.)

மாமனாரும் மாமியாரும் வேலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று இரண்டு ஆட்களைப் பிடித்தேன். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் முளை அடித்துக் கயிறு கட்டினேன்.

"இன்னா சார், ஆபீசர் போட்டத கலைக்கிறீங்க?" என்றார் ஒருவர்.

"கலைக்கலங்க, ஃபினிஷிங் பண்றோம்."

மாலைக்குள் வரப்புகள் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டன. போனவர்கள் வீடு திரும்புவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. விடிந்து போய்ப் பார்த்தால், நடுவிலிருந்த பள்ளத்தில் தண்ணீர் சேர்ந்து வரப்புகளை வரிசையாக உடைத்திருந்தது. மேல்மண் முழுக்க கீழ்நிலத்துக்காரர் முனுசாமியின் கொல்லையில் படிந்திருந்தது. மாமனார் வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி சொன்ன நாளில் வந்தார். "தண்ணி ஒரே மட்டத்துல நிக்கணும்னுதான் வளைச்சு வளைச்சுப் போட்டோம். யாரு இத நிமித்துனது?"

மாமனார் என்னைப் பார்க்கவில்லை. "மழைதான் சார் நிமித்திட்டுது" என்றார்.

அதிகாரி முளையில் தொங்கிய கயிற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது. விழுங்குவதற்கு அங்கே மண்தான் மிச்சமில்லை.

நல்ல மனிதர், மறுபடி கோடு போட்டுக் கொடுத்தார். இந்த முறை மண் வெட்டியது நான். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். வரப்பு நின்றது, போன மண் திரும்பவில்லை.

முனுசாமிக்கு அந்தப் போகம் அமோக விளைச்சல். ஒரு மூட்டை கடலையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார்.

"ஊர்ல மாப்ளைங்க மாமனார்கிட்ட சீர் வாங்குவாங்க. உங்க மாப்ள மாமனார் மண்ண எடுத்து எனக்கு சீர் குடுத்துட்டாரு, அண்ணா."

மாமனார் அன்றுதான் சிரித்தார். இன்றும் எங்கள் வீட்டில் கடலை வறுத்தால், "மொதல்ல சீர் குடுத்தவருக்கு" என்று எஸ்தர் ஒரு கைப்பிடியை எனக்குத்தான் தருகிறாள்.