கட்டில் எண் பதினான்கின் வாழ்க்கை வரலாறு

வாழ்க்கை வரலாறு என்பது செத்தவர்களுக்கு மட்டுமே எழுதுவது என்று நாற்பத்தாறு வயதுவரை உறுதியாக நம்பியவன் நான். உயிரோடு இருப்பவனுக்கு ஒரு பக்க பயோடேட்டா போதும். அப்பா பெயர், உயரம், நைட் ஷிஃப்ட்டுக்குத் தயாரா? ஒரகடத்துக் கார் கம்பெனிகளில் அதற்கு மேல் யாரும் யாரைப் பற்றியும் கேட்பதில்லை.

கேட்ட ஒரே ஆத்மா 'வரலாறு'. தென்காசிப் பக்கத்துக்காரர். நாங்கள் தங்கியிருந்த பென்னலூர் ஹாஸ்டலில் அவருடைய நிஜப்பெயர் யாருக்கும் தெரியாது. செத்துப்போன மெஸ் பூனைக்கும் எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்கும் தனித்தனி நோட்டில் வாழ்க்கை வரலாறு எழுதியவர்.

அவருக்கும் எனக்கும் ஒரே கட்டில், எண் பதினான்கு. அவர் இரவு ஷிஃப்ட், நான் பகல். காலையில் நான் எழுந்த சூடு ஆறுவதற்குள் அவர் படுத்துவிடுவார். பார்த்துக்கொள்வது தினம் பத்து நிமிஷம். ஒரே தலையணை என்பதால் என் கனவின் மிச்சத்தை அவர் பார்க்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். செம்பரம்பாக்கம் தண்ணீரில் நான் மிதப்பதாகக் கனவு வந்த அன்று, தலையணையைத் தொட்டுப் பார்த்து, "ராத்திரி ஏரிக்குள்ளயாவே கெடந்தீரு?" என்றார்.

கம்பெனியில் மெடிக்கல் செக்கப் வந்தது. என் சீட்டைப் பார்த்த நர்ஸம்மா, வெள்ளிக்கிழமை மறுபடி வரச் சொன்னார். அறைக்கு வந்து தலையணையைத் தூக்கினால் புது நோட்டு. அட்டையில் என் பெயர், கீழே 'வாழ்க்கை வரலாறு'. கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். 'இறுதி நாட்கள்' என்று தலைப்பு மட்டும்.

பூனை, மோட்டார், அடுத்து நான்.

மூன்று நாள் மிதந்தபடி நடந்தேன். கம்பெனி லைனில் நகரும் கார் கதவுகளெல்லாம் எனக்கு வழிவிடுவதுபோல் இருந்தது. என் பச்சை பக்கெட்டை எதிர்க்கட்டில்காரருக்குத் தானம் செய்தேன். பத்து வருஷமாகப் பேசாத மச்சானுக்கு போன் போட்டு அவரை மன்னித்தேன். தப்பு என் மேல்தான் என்பது வேறு விஷயம்.

வெள்ளி காலை அவர் வந்ததும் வழியை மறித்தேன்.

"நர்ஸு உன்கிட்ட இன்னா சொன்னாங்க? மறைக்காதபா."

"ஏங்கிட்ட எதுக்குவே சொல்லுதாவ?"

"நோட்டுல இறுதி நாள்னு எழுதி வச்சிகிறியே."

சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "அது நாம ஒரே கட்டில்ல கெடந்ததுக்கு இறுதி நாளு. எனக்கு காண்ட்ராக்ட் முடியுது. நாளைக்கு ஊருக்குப் போறேன்."

"உயிரோட கீறவனுக்கு பயோடேட்டா போதும், எதுக்குயா வரலாறு?"

"பயோடேட்டா நீரு சொல்லுதது. இது நான் பாத்தது. ஒம்ம வேற யாருவே பாக்கா?"

அன்று நர்ஸம்மா என்னைத் திட்டினார். வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டிய ரத்தத்தை நாலு இட்லி தின்றுவிட்டுக் கொடுத்திருந்தேன். வேறு ஒன்றுமில்லை.

நோட்டை என்னிடமே கொடுத்துவிட்டு சனிக்கிழமை அவர் பஸ் ஏறினார். ஆறு பக்கம்தான். 'இறுதி நாட்கள்' என்ற தலைப்பின் கீழே இப்போது ஒரே ஒரு வரி: 'வேலைக்குப் போகும்முன் தலையணையை எனக்காகத் திருப்பிப் போட்டுவிட்டுப் போவார்.'

நான் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

திங்கட்கிழமை அந்தக் கட்டிலுக்குப் புது ஆள் வந்தார். நான் தலையணையைத் திருப்பிப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.