டீமேக்கர் காருக்குப் பல் வைத்த பாஸ்

கார்களுக்கு முகம் உண்டு என்பதை இந்த உலகத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவர் எங்கள் பல்லு பாஸ்தான். இங்கிலாந்தில் கார் செய்தவர்களுக்குக்கூட அது தெரியாது. தெரிந்திருந்தால் எங்கள் டீமேக்கர் ஐயாவின் காருக்கு அப்படி ஓர் அழுமூஞ்சியை வைத்து அனுப்பியிருப்பார்களா என்று பாஸ் கேட்பார். அவரிடம் வாதாடி ஜெயித்தவர் யாரும் எங்கள் தோட்டத்தில் இல்லை.

றொசல்ல ஸ்டேஷனிலிருந்து மூன்று மைல் மலையேறினால் எங்கள் தேயிலைத் தொழிற்சாலை. அறுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே சின்னக் கிளாக்கர், பல்லு பாஸ் மெஷின் பழுதுபார்க்கும் ஃபிட்டர். மலைநாட்டில் கைவேலை தெரிந்த எல்லாருமே பாஸ்தான். மரவேலைக்கு ஒரு பாஸ், கொத்து வேலைக்கு ஒரு பாஸ். இவர் பல்லு பாஸ் ஆனதற்குக் காரணம், மேல்வரிசையில் நட்டநடுவே மின்னிய பித்தளைப் பல். கொழுந்தைப் பிசையும் ரோலரின் கைப்பிடி ஒருமுறை திருப்பியடித்து அசல் பல்லைக் கொண்டுபோய்விட்டது. ஹட்டனில் பல் வைத்தியர் வெள்ளைப் பல் கட்டித் தருவதாகச் சொன்னபோது பாஸுக்குக் கோபம் வந்துவிட்டதாம்.

"நான் ஃபிட்டருங்க. எனக்கே இன்னொருத்தன் பார்ட்ஸ் மாட்டுறதா?"

எழுந்து வந்துவிட்டார். பழைய ரோலர்ப் பித்தளையில் ஒரு துண்டை அறுத்து, அரத்தால் ராவி, பக்கத்துப் பற்களோடு கம்பி போட்டுக் கட்டிக்கொண்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் கழற்றிப் புளி போட்டுத் துலக்குவார். வெயில் அடிக்கும் காலையில் பிரட்டுக்களத்தில் நின்று அவர் சிரித்தால், வேலைக்குப் பெயர் கொடுக்க வந்தவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொள்வார்கள்.

தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். தொழிற்சாலைக்குள் அவர் வைத்ததுதான் சட்டம். தூளை உள்ளங்கையில் அள்ளி ஒருமுறை மோந்தால் போதும், எந்த மலைக் கொழுந்து, எந்த ரோலரில் போனது, அடுப்புக்கு விறகு போட்டவன் எத்தனை தடவை பீடி குடிக்க வெளியே போனான் என்பது வரை சொல்லிவிடுவார். சிரிப்புதான் அவருக்கு ஒத்துவராது. அவருடைய ஒரே செல்லம் அந்தக் கார்.

தங்கை கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவில் ஊருக்குப் போனவர், கார்ச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"தம்பி, ஒவ்வொரு நாளும் காலமை எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிசம் விடும். ஓடக்கூடாது. விளங்குதோ?"

"விளங்குதுங்க ஐயா."

"நான் வந்துதான் உம்மை நிரந்தரமாக்கச் சொல்லித் துரைக்குக் கடிதம் குடுக்கவேணும். அதையும் மறக்காதையும்."

எப்படி மறப்பேன்? அந்தக் கடிதம் போனால் எனக்கு வேலை நிரந்தரம். போகாவிட்டால் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹட்டன் டவுனில் கடைகடையாக ஏறி இறங்க வேண்டியதுதான்.

மூன்று நாள் உத்தமனாக இருந்தேன். நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பனிமூட்டம் விலகி, ஊரே பளிச்சென்று இருந்தது. எஞ்சின் உறுமுகிறது, நான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன், வயது இருபத்தைந்து. விறகுக் குவியல் வரை போய்த் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். விறகுக் குவியல் வரை ஒழுங்காகப் போனேன். திரும்பத்தான் முடியவில்லை.

ரேடியேட்டருக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் அதை மறைத்து, காரின் வாய் போல நின்ற கிரில், பிஸ்கட் மாதிரி நொறுங்கிக் காலடியில் கிடந்தது. வெளிநாட்டுச் சாமான் வரத்து சுருங்கிப் போயிருந்த காலம் அது. கொழும்புக்கு எழுதிப்போட்டு புதுக் கிரில் வந்து சேர்வதற்குள் எனக்குப் பேரப்பிள்ளை பிறந்துவிடும். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

சத்தம் கேட்டு ஓடி வந்தார் பாஸ். காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பித்தளைப் பல் ஜொலிக்கச் சிரித்தார்.

"அப்பாடா! ஒடைச்சிட்டீங்களா? பதினோரு வருசமா யாராச்சும் ஒடைக்க மாட்டாங்களான்னு பாத்துக்கிட்டு இருந்தேங்க!"

"பாஸ், என் வேலை போகப்போகுது. சிரிக்கிறீங்களே?"

"போனா போன கிரில்லுங்க. அது மூஞ்சியா? எழவு வீட்டு மூஞ்சி. நான் ஒன்னு செஞ்சு மாட்டுறேன், இருங்க. ஐயா எறங்கி வந்து பாத்தா, காரு சிரிக்கணும்!"

"பழசு மாதிரியே செய்ய முடியாதுங்களா?"

"பழசு மாதிரி எதுக்குங்க?" என்றார், ஏதோ கெட்ட வார்த்தையைக் கேட்டவர் போல.

மறுநாள் வேலை முடிந்து அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி முனியம்மாக்கா வாசலில் தொங்கிய சாக்கை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"வாங்க கிளாக்கரய்யா. தட்டிட்டு வரலாம்னா கதவில்ல. ஒங்க காருக்குக் கழட்டிட்டாரு."

உண்மைதான். வீட்டுக் கதவைக் கழற்றி, இரண்டு எண்ணெய்ப் பீப்பாய்களின் மேல் கிடத்தி, அதில் கரியால் ஒரு பெரிய வாயை வரைந்து வைத்திருந்தார் பாஸ். அதன் மேல் பிறை பிறையாகப் பித்தளைச் சட்டங்கள். ரோலர் மேசையில் கொழுந்து சுருளுவதற்காகப் பதித்திருப்பவை அவை. தேய்ந்துபோனதும் கழற்றித் தொழிற்சாலைக்குப் பின்னால் வீசிவிடுவார்கள். பல வருடத் தேயிலைச் சாறு ஊறி, அடிப்பக்கம் கறுப்பேறிக் கிடந்தன.

"பாருங்க, வளைக்கவே வேணாம். தானா சிரிக்குது!"

எனக்கும் அந்தச் சந்தோஷம் தொற்றிக்கொண்டது, சொல்ல வெட்கமில்லை. அந்த வாரம் முழுக்க ஐந்து மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்தேன். நான் பிடிக்க, அவர் ராவ, முனியம்மாக்கா புளி கரைக்க, ஒவ்வொரு சட்டத்துக்கும் முன்பக்கம் பொன்னிறம் ஏறியது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் சாக்கை விலக்கிப் பார்த்து, "பாஸு, மாரியம்மனுக்குத் திருவாச்சியா?" என்று கேட்டார்கள். "இல்லத்தா, டீமேக்கர் ஐயா காருக்குப் பல்லு" என்றதும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயம் முழுவதும் ஒரே பேச்சு அதுதான்.

சனிக்கிழமை, சட்டங்களுக்குப் பின்னால் தூள் சலிக்கும் சல்லடை வலை ஒன்றை இறுக்கமாக அடித்தார்.

"பூச்சி, எலை ஒன்னும் உள்ள போவாதுங்க."

"காத்து போகுமா பாஸ்?"

"தேயிலைத் தூளே போவுது. காத்து போவாதா?"

சரிதானே என்று நானும் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை கிரில் ஏறியது. நாலடி தள்ளி நின்று பார்த்த பாஸின் முகம் சட்டென்று வாடியது. இரண்டு பாதிகளும் சேரும் நடுமத்தியில் இரும்பு ஆணியின் தலை கறுப்பாகத் தெரிந்தது.

"சொத்தைப் பல்லுங்க" என்றார்.

"யாருக்கும் தெரியாது பாஸ். ரயில் வர ஒரு மணி நேரம்கூட இல்ல."

பித்தளை ஒரு பொட்டுகூட மிச்சமில்லை. விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். ஈயம் பற்றவைக்கும் வாடை வந்தது. திரும்பி வந்து ஆணியின் மேல் எதையோ பொருத்தித் துணியால் துடைத்தார். கிரில்லின் நடுவில் சின்னதாக ஒரு பித்தளைப் பூண் மின்னியது. நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

"என்ன பாஸ் இப்படிப் பண்ணிட்டீங்க?"

"ஏறுங்க, ஏறுங்க. ஐயா வர்றதுக்கு முன்னால காரு போயி நிக்கணும்" என்றார். வார்த்தைகளோடு காற்றும் வந்தது.

தோட்டத்து லாரியும் ஓட்டத் தெரிந்தவர் என்பதால் பாஸ்தான் ஓட்டினார். றொசல்ல ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கிய ஐயா, சாமான்களோடு வெளியே வந்து, காரைப் பார்த்து நின்றுவிட்டார். கார் காதுவரை சிரித்துக்கொண்டிருந்தது. ஐயா சாமான்களை உள்ளே வைத்துவிட்டுப் பின்சீட்டில் ஏறினார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரு மைல் ஏறினோம். இரண்டாவது மைலில், மேட்டின் நடுவே, காரின் வாயிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. கூடவே ஒரு வாசனை. காற்று புகாமல் ரேடியேட்டர் கொதித்து, பித்தளை சூடேறி, அதில் ஊறியிருந்த பழைய தேயிலைச் சாறு மணக்கத் தொடங்கிவிட்டது. நடுரோட்டில் தொழிற்சாலை வாசனை!

ஐயா இறங்கினார். கிரில்லுக்கு முன்னால் குனிந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்தார்.

"உது என்ர நாலாம் நம்பர் ரோலர் எல்லோ?" என்றார். "ஆற்ற வேலை உது?"

"நான்தாங்க ஐயா" என்று முந்திக்கொண்டார் பாஸ். "பழைய மூஞ்சி எனக்குப் புடிக்கலீங்க. நான்தான் ஒடைச்சிட்டு இதெ மாட்டினேன்."

எனக்குக் காது சுட்டது. "இல்லீங்க ஐயா, நான்தான்..." என்று ஆரம்பித்தேன். பாஸ் என் காலை நறுக்கென்று மிதித்துவிட்டுக் காதோடு சொன்னார்: "சும்மா இருங்க. என்னெ வெரட்டினா நாளைக்கு ரோலர் ஓடாது. ஒங்கள வெரட்டினா பேனா புடிக்க நூறு பேரு வருவான்."

ஐயா பம்பரின் இடுக்கில் விரலை விட்டு, நான் துடைக்க மறந்திருந்த மரப்பட்டைச் சிம்பு ஒன்றை உருவி எடுத்தார். விறகு. அதை என் முன்னால் நீட்டினார். பிறகு பாஸின் பக்கம் திரும்பினார்.

"ஐசே, வாயைத் திறவும்."

பாஸ் திறந்தார். ஐயா அந்த இடைவெளியைப் பார்த்தார். திரும்பி, கிரில்லின் நடுவில் மின்னியதைப் பார்த்தார். மறுபடி வாயைப் பார்த்தார். அவருடைய தோள் மெல்லக் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். எங்கள் தொழிற்சாலையில் யாரும் கண்டிராத காட்சி அது. மனிதர் ரோட்டோரப் பாலத்தின் சுவரில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, கார் ஓடினது நீர்தான். அது எனக்கு ஸ்டேஷனிலயே விளங்கிட்டுது. ஆனா உமக்காக ஒரு மனிசன் தன்ர பல்லைக் கழட்டிறானெண்டால், உம்மட்ட ஏதோ நல்லது இருக்கத்தான் வேணும். நாளைக்குக் கடிதம் எழுதிறன். இப்ப அந்தச் சல்லடையைப் புடுங்கி எறியுங்கோ ரெண்டு பேரும்!"

ஐயா ஓய்வு பெறும் வரை அந்தக் கிரில் மாறவே இல்லை. மேட்டில் கார் திணறி ஏறும்போது மெல்லத் தேயிலை மணக்கும். ஐயா கண்ணை மூடி மோந்துகொள்வார். ஊருக்குக் காரைக் கொண்டுபோகும் அன்று, பூணை மட்டும் கழற்றி பாஸிடம் நீட்டினார். பாஸ் வாங்கவில்லை.

"இருக்கட்டுங்க ஐயா. புது ஊருக்குப் போவுது. சிரிச்சிக்கிட்டே போவட்டும்."

அதற்குப் பிறகு அவர் வேறு பல் செய்துகொள்ளவே இல்லை. ஏன் என்று கேட்டால், "எடத்துல நல்லா ஒக்காந்திருச்சுங்க, அதெ மாத்தக்கூடாது" என்பார். பொக்கையாகச் சிரிப்பார். கதவைத் திரும்ப மாட்டினார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். மாட்டினார்கள். கரியால் வரைந்த வாய் அதில் கடைசிவரை அழியவில்லை.

அந்தக் கடிதத்தால் கிடைத்த நாற்காலியில் முப்பது வருடம் உட்கார்ந்தேன். கல்யாணம் செய்துகொண்டேன், பிள்ளைகளை வளர்த்தேன், மூன்று வேளையும் குறையில்லாமல் சாப்பிட்டேன். அத்தனை சோற்றையும் நான் மென்றது பாஸின் அந்த ஒற்றைப் பல்லால்தான்.